தறியில் பிறந்து முசிறிக்கு வந்த சொல்

குளிக்கிற சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பல உறைகளில் 'டாய்லெட் சோப்' என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்தில் தரமும் போட்டிருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம் என்பது இந்தியத் தரநிலை வகுத்த கணக்கு. முகத்திலும் குழந்தையின் உடம்பிலும் தேய்க்கிற பொருளுக்கு ஏன் இந்தப் பெயர்? விலை உயர்ந்த வாசனைத் திரவியப் புட்டிகளில் 'ஓ த துவாலெத்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறதே, அது எதற்கு?

சோப்பு செய்கிறவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் இன்றும் தங்கியிருக்கும் இடங்களில் சோப்பு உறையும் ஒன்று. பிரான்சின் நெசவுத் தறியில் புறப்பட்டு, அரண்மனையின் ஒப்பனை மேசையில் ஏறி, இங்கிலாந்துக்குக் கடல் கடந்து, பீங்கான் தொட்டியில் போய் அமர்ந்து, பிறகு நம் வகுப்பறைகளில் ஆள்காட்டி விரலை உயர்த்தும் பிள்ளைகளின் வாய்க்கு வந்த சொல் அது. அதன் நெடும் பயணத்தில் முக்கியமான ஒரு நிறுத்தம் திருச்சி மாவட்டத்து முசிறி என்பது என் கருத்து. அந்த ஊரில் அது போய்ச் சேர்ந்த தெருவுக்குச் சாலியர் தெரு என்று பெயர். நெசவாளர் தெரு.

துணியும் மேசையும்

லத்தீனில் 'தேலா' என்றால் நெய்த துணி. அதிலிருந்து பிரெஞ்சு மொழிக்கு 'துவால்' வந்தது. சிறிய துவால், 'துவாலெத்'. துணிமணிகளைச் சுற்றி வைக்கும் சிறு துணிக்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது. முடி திருத்தும்போது தோளில் போர்த்துகிற துணியையும் அப்படிச் சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதைக் கடன் வாங்கியபோது அவர்களுக்கும் அது துணி சுற்றும் துணிதான்.

17ஆம் நூற்றாண்டில் அந்தத் துணி செல்வர் வீட்டு ஒப்பனை மேசையின் விரிப்பானது. விரிப்பின் மேல் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, நறுமண நீர் எல்லாம் வந்து அமர்ந்தன. கொஞ்ச நாளில் விரிப்பின் பெயர் அந்தப் பொருள்களுக்கு ஆனது. அடுத்து மேசைக்கு ஆனது. அதற்கும் அடுத்து, மேசை முன் உட்கார்ந்து தலைவாரி, முகம் துடைத்து, உடுத்திக்கொள்ளும் காரியத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பிரெஞ்சில் இன்றும் ஒருமையில் 'துவாலெத்' என்றால் காலையில் கழுவிக்கொண்டு, உடுத்தித் தயாராவதைக் குறிக்கும். நறுமணப் புட்டியிலும் சோப்பு உறையிலும் உள்ள சொல்லுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

14ஆம் லூயி காலத்து வெர்சாய் அரண்மனையில் மன்னர் எழுந்து உடுத்துவதே ஓர் அரசுச் சடங்கு. யார் எந்த நேரத்தில் உள்ளே நுழையலாம், சட்டையை யார் எடுத்துக் கொடுக்கலாம் என்பதற்கெல்லாம் வரிசை இருந்தது. இன்று நமக்கு வியப்பாகத் தெரிகிற செய்தி ஒன்று உண்டு. துளையிட்ட நாற்காலியில் அமர்ந்து மன்னர் மலம் கழிக்கும் நேரத்திலும் அருகே நிற்கும் உரிமை, தேர்ந்த சிலருக்கு எழுத்து மூலமாகவே வழங்கப்பட்டது. அது பெருமைக்குரிய சலுகை. அந்த நாற்காலியைத் துளையிட்ட நாற்காலி என்றே சொன்னார்கள். 'துவாலெத்' அப்போது வேறு மேசையில், நறுமணத்தின் நடுவே இருந்தது.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் அந்த மோகம் தொற்றியது. பெரிய வீட்டுப் பெண்கள் தலை அலங்காரம் நடக்கும்போதே விருந்தினரை வரவேற்றார்கள். ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1740களில் வரைந்த 'மேரேஜ் அ-லா-மோட்' என்ற ஆறு படத் தொடரில் நான்காம் படத்தின் பெயரே 'தி டாய்லெட்'. சீமாட்டி ஒருத்தி தலை அலங்காரத்துக்கு அமர்ந்திருக்கிறாள். சுற்றிலும் பாடகர், சிகை அலங்காரக்காரர், விருந்தினர், ஏவலாளர். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். தலைப்பை மட்டும் படித்துவிட்டு இன்று அந்த அறைக்குள் நுழைகிறவர் திகைத்துப்போவார்.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சுப் படைகள் நம் காவிரிக் கரைக்கே வந்து நின்றன. கர்நாடகப் போரில் சந்தா சாகிபின் பக்கம் நின்ற பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். அன்று போர் வேறு மாதிரி முடிந்திருந்தால் பிரெஞ்சுச் சொற்கள் பிரெஞ்சு ஒலியோடே திருச்சிக்கு வந்திருக்கலாம். வரலாறு அந்தச் சொல்லை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தது.

அறையும் தொட்டியும்

சொல் ஒரு பாதையில் போக, பொருள் தனிப் பாதையில் வளர்ந்தது. முதலாம் எலிசபெத்தின் ஞானமகன் ஜான் ஹாரிங்டன், 1596-ல் தண்ணீர் விட்டுக் கழுவும் தொட்டியைப் பற்றி நூல் எழுதினார். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங், வளைந்த குழாயில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டுத் தொட்டிக்குக் கீழே உள்ள வளைவு அதன் வாரிசு. 1778-ல் ஜோசப் பிராமா அதைத் திருத்தி விற்றார். இந்தக் கருவிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'வாட்டர் குளோசெட்', தண்ணீர் உள்ள சிற்றறை. சுருக்கமாக 'டபிள்யூ.சி.'

19ஆம் நூற்றாண்டில் இரண்டு பாதைகளும் ஒரே அறையில் சந்தித்தன. உடுத்தும் அறை 'டாய்லெட்' ஆகியிருந்தது. அமெரிக்காவில் உடுத்தும் அறையோடு குளியல் அறையும் கழிப்பறையும் சேர்ந்தபோது, நேராகச் சொல்லக் கூசியவர்கள் அறையின் நாகரிகப் பெயரையே பயன்படுத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது அந்தச் சொல் பீங்கான் தொட்டியின் பெயராகவே ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரிடமிருந்து 'டபிள்யூ.சி.'யைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். தங்கள் 'துவாலெத்'தைப் பன்மையாக்கிக் கழிப்பறைக்கு வைத்தார்கள். இரு மொழிகளும் மற்றதன் சொல்லை முகத்திரையாகப் பயன்படுத்தியிருக்கின்றன.

திரையும் நெடுநாள் தாங்கவில்லை. 1954-ல் மொழியியலாளர் ஆலன் ராஸ், மேட்டுக்குடி ஆங்கிலத்தையும் மற்றவர் ஆங்கிலத்தையும் பிரித்துக் காட்டினார்; எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்ட் அதைப் பரப்பினார். 'டாய்லெட்' என்று சொல்வது தாழ்ந்தவர் வழக்கு என்று அந்தப் பட்டியல் முத்திரை குத்தியது. சீமாட்டியின் மேசையில் வீற்றிருந்த சொல் இருநூறு ஆண்டுகளில் சீமாட்டிகள் வாயில் எடுக்கக் கூசும் சொல்லானது.

இந்தக் கதையில் பணத்துக்கும் இடம் உண்டு. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைச் செலுத்திப் பயன்படுத்தினார்கள். 'ஒரு பென்னி செலவழித்து வருகிறேன்' என்பது இங்கிலாந்தில் கழிப்பறைக்குப் போவதைக் குறிக்கும் வழக்காகவே மாறியது. இந்த ஒரு பென்னியை நினைவில் வையுங்கள். முசிறியில் இது தலைகீழானது.

தமிழில் ஏற்கெனவே இருந்தவை

நேரே சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்லும் பழக்கத்துக்கு நம் இலக்கணம் என்றோ பெயர் வைத்துவிட்டது: இடக்கரடக்கல். பவணந்தியின் நன்னூல் அதைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. 'கால் கழுவி வந்தான்' என்பது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்த எடுத்துக்காட்டு. ஊர்ப்புறத்தில் 'வெளிக்குப் போறது', 'கொல்லைக்குப் போறது', 'ஒதுங்குறது' எல்லாம் அதே வகை. இவற்றில் எதுவுமே அறையைக் குறிக்கவில்லை. வெளி, கொல்லை, கரை என்று திறந்த இடங்களையே குறிக்கின்றன. அறை இல்லாத ஊரில் அறைக்குப் பெயர் எப்படி இருக்கும்?

அறை வந்தபோது பெயர்களும் கப்பலில் வந்தன. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் 'கக்கூஸ்'. மலத்தையும் வீட்டையும் குறிக்கும் இரண்டு டச்சுச் சொற்கள் சேர்ந்த, எதையும் மறைக்காத பெயர் அது. மறைக்காததாலேயே பிற்காலத்தில் கொச்சை என்று ஒதுக்கப்பட்டது. அதன் இடத்தில் 'லெட்ரின்' வந்தது, 'பாத்ரூம்' வந்தது, 'டாய்லெட்' வந்தது, இப்போது 'ரெஸ்ட்ரூம்' வந்திருக்கிறது. 'பாத்ரூம் வருது' என்று குழந்தை சொல்கிறது; வீட்டில் எல்லாருக்கும் புரிகிறது.

ஒவ்வொரு பெயரும் கொஞ்ச காலத்தில் அழுக்காகிவிடுவது ஏன்? அந்த இடத்தை நாம் பார்க்கும் விதம் மாறாததால்தான். இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதலாக ஒரு பதிலும் உண்டு, அது கொடியது. அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் வேலையைச் சில சாதிகளின் தலையில், சொல்லப்போனால் பெரும்பாலும் பெண்களின் தலையில், கூடையாகவே ஏற்றி வைத்திருந்தோம். 1993-ல் அதைத் தடை செய்யச் சட்டம் வந்தது. போதாமல் 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. 2017-ல் திவ்யபாரதி தமிழ்நாட்டுத் தூய்மைத் தொழிலாளர்களின் நிலையை ஆவணப்படமாக எடுத்தபோது, அதற்கு வைத்த பெயர் 'கக்கூஸ்'. எந்தத் திரையும் வேண்டாம் என்று முடிவெடுத்த பெயர்.

முசிறியில் நடந்தது

முசிறி காவிரியின் வடகரையில் இருக்கிறது, எதிர்க்கரையில் குளித்தலை. இசை கேட்பவர்களுக்கு முசிறி சுப்பிரமணிய ஐயரின் ஊர். மற்றவர்களுக்கு வாழையும் நெல்லும் கோரையும் விளையும் ஆற்றங்கரை ஊர். ஆற்றங்கரை என்பதில் வளம் எவ்வளவோ, கழிப்பறை கட்டுவதில் சிக்கலும் அவ்வளவு. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழி தோண்டினால் ஊறி நிரம்பும். குழியில் சேர்வது கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் போய்ச் சேரும். செப்டிக் டேங்க் கட்ட ஏழைக்கு வசதி இல்லை, இடமும் இல்லை. எனவே கரையே கழிப்பிடம். ஆண்களுக்கு எந்நேரமும், பெண்களுக்கு விடியுமுன் அல்லது இருட்டிய பிறகு.

திருச்சியிலிருந்து இயங்கும் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனமும் அதன் நிறுவனர் மாராச்சி சுப்புராமனும் இங்கே வேறு வழியைப் பார்த்தார்கள். பால் கால்வர்ட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1990களில் கேரளக் கடற்கரையில், இதேபோல் நிலத்தடி நீர் உயர்ந்த மீனவர் ஊரில், மண்ணைத் தோண்டாமல் தரைக்கு மேலே எழுப்பும் கழிப்பறையை உருவாக்கியிருந்தார். இதற்கு மூத்த மாதிரி 1950களில் வியட்நாமில் பரவிய இரட்டை அறைக் கழிப்பிடம். அங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் கணக்கில் இல்லை. நாம் கழுவுகிறவர்கள். கழுவும் தண்ணீர் மலத்தோடு சேர்ந்தால் மட்காது, நாறும். அதனால் கழுவும் இடத்தைத் தனியே ஒதுக்கி, அந்தத் தண்ணீரைச் செடிப் பாத்திக்கு விட்டதில்தான் இந்த மாதிரியின் சாமர்த்தியம் இருக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. நாலைந்து படி ஏறினால் மேடை. மலம் ஒரு துளைக்கு, சிறுநீர் ஒரு வழிக்கு, கழுவும் நீர் இன்னொரு வழிக்கு. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை சாம்பல். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், காரத்தன்மை கிருமிகளைக் கொல்லும், ஈ மொய்க்காது. கீழே இரண்டு அறைகள். ஒன்று நிரம்பியதும் அதை மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள். மூடிய அறையில் உள்ளது மாதக்கணக்கில் கிடந்து மண்ணாகும். திறக்கும்போது கைக்கு வருவது உதிரியான, நாற்றமற்ற எரு.

முசிறி வட்டாரத்தில் வீடுகளில் இவற்றைக் கட்டியதோடு நிற்காமல், சாலியர் தெருவில் நெதர்லாந்தின் வேஸ்ட் என்ற அமைப்பின் துணையோடு பொதுக் கழிப்பறை ஒன்றையும் ஸ்கோப் கட்டியது. கக்கூஸ் என்ற சொல்லை நமக்குத் தந்த நாட்டிலிருந்து, சில நூற்றாண்டுகள் கழித்து வந்த உதவி இது. அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தியவரிடம் காசு வாங்கவில்லை. பயன்படுத்தியவருக்குக் காசு கொடுத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் அதன் பொருள் பெரியது: நீங்கள் தந்துவிட்டுப் போவது குப்பை அல்ல, சரக்கு. 2008-வாக்கில் உலகச் செய்தி நிறுவனங்கள் முசிறியைத் தேடி வந்தன. ஹைட் பார்க்கில் பயன்படுத்தியவரிடம் வாங்கிய பென்னி, முசிறியில் பயன்படுத்தியவர் கைக்கே வந்தது.

சரக்கு என்பதற்குச் சான்றும் உண்டு. உடம்பிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. பொட்டாசியமும் பாஸ்பரசும் அதில் உண்டு. வாழை பொட்டாசியத்தை வாரி உண்ணும் பயிர். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய கழிப்பறைகளிலிருந்து சேகரித்த சிறுநீரைப் பூவன் வாழைக்கு உரமாகக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2006-ல் மனிதக் கழிவை வேளாண்மையில் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எவ்வளவு காலம் சேமித்து வைக்க வேண்டும், எந்தப் பயிருக்கு எப்போது இடலாம் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டும். அறையைத் திறந்து எருவை அள்ளுவதும் கையால் மலம் அள்ளுவதும் ஒன்றாகிவிடாதா? 2013 சட்டம் இதற்கு எல்லை போடுகிறது. மலம் முழுவதுமாக மட்குவதற்கு முன்னால் அதைக் கையாள வைப்பதையே அது கையால் மலம் அள்ளுதல் என்று வரையறுக்கிறது. ஆகவே இந்தக் கழிப்பறையின் அறம் முழுவதும் காத்திருப்பதில் இருக்கிறது. மூடிய அறையை உரிய காலத்துக்கு முன் திறந்தால், பழைய கொடுமை புதிய கட்டடத்தில் குடியேறிவிடும். காத்திருந்து, வீட்டுக்காரரே தன் வயலுக்குத் தானே அள்ளிப்போட்டால், அது விவசாயம். யார் அள்ளுகிறார் என்பதும், எப்போது அள்ளுகிறார் என்பதும் தொழில்நுட்பத்தைப் போலவே முக்கியமானவை.

இதே மாவட்டத்தில் கிராமாலயா என்ற அமைப்பும் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தது. திருச்சியின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களே ஏற்று நடத்தின. கணக்கும் சுத்தமும் அவர்கள் பொறுப்பு. மாராச்சி சுப்புராமனுக்கு 2021-லும் கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-லும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரே மாவட்டத்தில் கழிப்பறைக்காக உழைத்த இருவருக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் நாட்டின் மரியாதை கிடைத்தது. திருச்சிக்காரர்கள் இதை மலைக்கோட்டையைப் போலவே பெருமையோடு சொல்லலாம்.

சொல் கற்றுத் தருவது

இந்தப் பயணத்தை முழுதாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பெயர் மாற்றுவதால் கழிப்பறையின் மதிப்பு உயர்ந்ததே இல்லை. உலகத்தின் நாகரிகமான சொற்களில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள், அதுவும் அழுக்கானது. அதற்கு மேல் இன்னொன்றைப் போர்த்தினார்கள்; அதுவும் அழுக்காகும். சாலியர் தெருவில் யாரும் புதுப் பெயர் தேடவில்லை. உள்ளே போவது என்ன, அது எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று வெளிச்சத்தில் பேசினார்கள். மதிப்பு அங்கிருந்து பிறந்தது.

நம் ஊரில் பேருந்து நிலையக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா, ஊர் செப்டிக் டேங்குகளை உறிஞ்சும் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அந்த வேலையைச் செய்பவருக்குப் பாதுகாப்புக் கவசம் உண்டா? இவற்றைக் கேட்க நமக்கு வாய் வர வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எழுந்து நின்று கழிப்பறையைப் பற்றிப் பேசுங்கள். எந்தச் சொல்லால் வேண்டுமானாலும் சொல்லுங்கள். தலை குனியாமல் சொல்லுங்கள்.